வெள்ளைச்சாமியின் விசாகப்பட்டினம்

கொச்சியா, விசாகப்பட்டினமா என்று வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு இரண்டு வருடத்துக்கு மாற்ற முடியாது. சொல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கப்பல் சரக்குகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. நான்கு வருடமாக நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்னறையில் உட்கார்ந்து, ஒரு கப்பலைக்கூட நேரில் பார்க்காமல், எந்தத் துறைமுகத்தில் எந்தக் கண்டெய்னர் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னை அலுவலகத்தை மூடுகிறோம், இனி எல்லோரும் நேரில் வர வேண்டும், கிழக்குக் கரையோ மேற்குக் கரையோ உங்கள் விருப்பம் என்று திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. விருப்பம் என்ற சொல்லை அதில் ஐந்து இடத்தில் போட்டிருந்தார்கள்.

விருப்பம் என்று எனக்கு ஒன்று இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். ஒரு ஊரில் வெள்ளம் வரும், மற்றதில் புயல் வரும். மலையாளம் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஒன்றுக்கு ரயில் வசதி, மற்றதற்கு அப்பாவின் சொந்த ஊரான அருப்புக்கோட்டை பக்கம். ஒரு பக்கத்தில் எதை எழுதினாலும் மறுபக்கத்தில் அதற்கு ஈடாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை மாலை பட்டியலை மூடிவிட்டேன்.

எங்கள் வீட்டில் யாரிடமும் யோசனை கேட்டு உடனே பதில் வாங்க முடியாது. அப்பா வெள்ளைச்சாமிக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. முப்பத்து நான்கு வருடமாக மூன்று ஷிப்ட். பகலில் தூங்குகிற ஒரு மனிதர் இருக்கும் வீட்டில் பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பார்கள். அவர் பகல் ஷிப்ட் போகும் வாரங்களிலும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. கேட்ட கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் வந்தால் அது எங்களுக்கு உடனடிப் பதில். மின்னஞ்சலைப் பற்றித் திங்கட்கிழமை காலையில் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாலை டீ குடிக்கும்போது அப்பா, "ரெண்டும் கடல்தானே" என்றார்.

அது எனக்கு வியப்பாக இருந்தது. வேறு எதைப் பற்றியும் பேசாத அப்பா, விசாகப்பட்டினம் என்றால் மட்டும் பேசுவார்.

டவுன்ஷிப்பில் நாங்கள் இந்தியாவைத் தெரிந்துகொண்டது எல்டிசியில்தான். சில வருடங்களுக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவரக் கம்பெனி தரும் சலுகை அது. தெருவில் யார் ஒரு ஊருக்கு முதலில் போய்வந்தார்களோ அந்த ஊர் அவர்களுக்குச் சொந்தம். டார்ஜிலிங் என்றால் வளர்மதி டீச்சர். காஷ்மீர் என்றால் எதிர்வீட்டு ஜெயகணேஷ் அங்கிள். பிறகு அந்த ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, நாலு விஷயம் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கேட்காமல் போனால் திரும்பி வந்த பிறகு ஒரு மாதத்துக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். குவார்ட்டர்ஸைப் போலவே ஊர்களும் எங்களுக்கு அலாட் ஆகியிருந்தன. விசாகப்பட்டினம் எங்கள் அப்பாவுக்கு.

எனக்கு ஐந்து வயதில் போய்வந்த ஊர். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ குடும்பங்கள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவிடம் வழி கேட்டுப் போயிருக்கின்றன. கரையில் நிறுத்தி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போகும்போது தலையைக் குனிந்துகொள்ளச் சொல்வார். சிம்மாசலம் மலைக்கோவிலுக்கு விடியற்காலையில் போகச் சொல்வார். திரும்பி வந்தவர்கள், "சார் நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு" என்று ஒரு பாக்கெட் முந்திரி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

புதன்கிழமை மாலை கொளஞ்சிநாதன் அங்கிள் வந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர், விருத்தாசலம் பக்கத்துக்காரர். இரண்டு பேரும் வருகிற மே மாதம் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு இருவரும் அடுத்தடுத்த வாசலில் குடியிருக்க மந்தாரக்குப்பத்தில் இரண்டு வீடுகளை அவர்தான் பேசி வைத்திருந்தார்.

"என்னா பாப்பா, நாலு வருஷமா வூட்டுக்குள்ளயே குந்திகினு இருந்த. இப்ப ஒரேடியா கடலாண்ட தள்ளப் பாக்கறானுங்களாமே?"

"ஆமா அங்கிள். கொச்சி, இல்லன்னா வைசாக்."

"இதுல ரோசன என்னாத்துக்கு? கொச்சியில நமக்கு யாரு இருக்கா?"

"வைசாக்ல மட்டும் யாரு இருக்கா?"

"உங்கப்பா இருக்காரே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாப்பா, நீ வைசாக்கே போடு. மே மாசம் முடியட்டும். நானும் எங்க வூட்லயும், இவரும் தங்கச்சியும் நாலு பேரா கெளம்பி வந்து ஒரு வாரம் டேரா போட்டுடறோம். மூல முடுக்கெல்லாம் தெரிஞ்ச ஆளு கைல இருக்கு. என்னா வெள்ள, சொல்லுய்யா."

அப்பா கையிலிருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாமா? யோவ், நான் திருப்பதியத் தாண்டாதவன். நைட் ஷிப்டுல அந்தக் கப்பல் கதைய சொல்லிச் சொல்லி என்னத் தூங்க வுடாம வச்சிருந்தது நீ. இப்ப வந்து பாக்கலாம்ங்கிற. தங்கச்சி, இவரு எப்பவுமே இப்பிடித்தானா?"

அடுப்படியில் அம்மா தமயந்தி குழாயைத் திறந்துவிட்டாள். அப்பா விசாகப்பட்டினத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அம்மாவுக்கு ஏதாவது கழுவ இருக்கும்.

"எனக்கும் வைசாக்தான் அங்கிள் தோணுது" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. பட்டியலில் எழுதாத ஒன்று என்னிடம் இருந்தது. நீண்ட மணல், சவுக்குத் தோப்பு, பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்ட அப்பா, அவர் தோளில் நான். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கடலைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடல் என்று யாராவது சொன்னால் எனக்குள் வருவது அந்த ஒன்றுதான். அதை அங்கிளிடம் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய் அப்பாவின் முதுகைத் தட்டினார். அப்பா முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அவர் போனார். அரை மணி நேரம் கழித்து அப்பா, "கொச்சின்ல நல்ல கம்பெனிங்க இருக்கு" என்றார்.

"என் கம்பெனி ரெண்டு ஊர்லயும் ஒரே கம்பெனிதான்ப்பா."

இன்னும் கொஞ்ச நேரம். "வைசாக்ல புயல் வரும்மா."

"கொச்சில வெள்ளம் வரும்."

"தெலுங்கு கஷ்டமான பாஷை."

"உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சாப்பா?"

என்னைப் பிரிந்து இருக்க முடியாமல்தான் எதையாவது சொல்லித் தடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்போது இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார். பின்னறைக்கு வந்து கொஞ்சம் அழக்கூடச் செய்தேன். அந்த அழுகையை இப்போது எங்கே போய்த் திருப்பிக் கேட்பது?

வியாழக்கிழமை அப்பாவுக்கு வார விடுப்பு. காலையில் பைக்கைத் துடைத்துவிட்டு, "கடலூர் வரைக்கும் போய்ட்டு வரலாம், வா" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. வடலூர், குறிஞ்சிப்பாடி என்று ஊர்கள் வந்து போயின. ஏதோ சான்றிதழ் வாங்கப் போகிறோம் என்று நினைத்தேன். கடலூரில் எந்த அலுவலகத்திலும் நிற்காமல் நேரே சில்வர் பீச்சுக்குப் போய் வண்டியை நிறுத்தினார்.

பதினொரு மணி வெயில். யாரும் இல்லை. படகுகளுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் நடந்தார். நானும் போனேன். நெடுநேரம் நின்றோம். அலை வந்து எங்கள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

"இதான்" என்றார்.

"எதுப்பா?"

"வைசாக்."

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று பயந்துவிட்டேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"சென்ட்ரல் வரைக்கும் போனோம்மா. ஆந்திராவுல வெள்ளம், தண்டவாளம் அரிச்சுப் போச்சு. ஒரு வாரத்துக்கு வண்டி இல்லன்னுட்டான்."

"திரும்பி வந்திருக்கலாமே?"

"எப்படி வர? தெருவே நின்னு கையாட்டி வழியனுப்புச்சு. கொளஞ்சி சம்சாரம் தூக்குல புளியோதரை கட்டிக் குடுத்துச்சு. மறுநா காலைல அந்தத் தூக்கோட வந்து நிக்கச் சொல்றியா? அதுவரைக்கும் நம்ம தெருவுல வைசாக் பக்கம் யாரும் போனதில்ல. நான்தான் மொத ஆளு."

நேரே இங்கே வந்துவிட்டார்களாம். அம்மாவின் சித்தி மகள் அப்போது தேவனாம்பட்டினத்தில் இருந்தார். அவர் வீட்டில் ஆறு நாள். தினமும் சாயங்காலம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த மணலுக்கு வந்திருக்கிறார்.

"நீ எந்நேரமும் ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்ப. இது என்ன ஊருப்பான்னு கேட்ட. கடலூர்னு சொன்னா வீட்டுக்குப் போனதும் வாசல்ல நின்னு கத்திருவியே. அதான் வைசாக்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மொதல்ல உங்கிட்டதான் சொன்னேன். நீ நம்பிட்ட. அப்புறம் மத்தவங்ககிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு இருந்தது. என் நினைவில் ஒரு சுண்டல்காரரும் இருந்தார். குனிந்து என்னிடம், "பாப்பாவுக்குக் காரம் ஆவுமா?" என்று கேட்டவர். இருபத்திரண்டு வருடமாக விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்று அந்த மனிதர் எனக்குள் சுத்தமான கடலூர்த் தமிழ் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாளும் அது எனக்கு உறுத்தவில்லை. கண்டெய்னர் எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆபீசில் எனக்குப் பெயர்.

"அப்ப எல்டிசி பணம்?"

அப்பா நிமிர்ந்தார். "அத வாங்கல. பயணம் போகலைன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். பொய்க் கணக்கெல்லாம் நமக்கு ஆகாது."

ஆபீசுக்கு உண்மை, தெருவுக்குப் பொய். அதை எழுதி வாங்கிய கிளார்க் ஓய்வு பெற்றுப் போகும்வரை ஒன்பது வருடம் அவரைக் கண்டால் அப்பா வேறு வழியாகப் போவாராம்.

"கப்பல், சிம்மாசலம் எல்லாம்?"

"எங்க செக்சன்ல வைசாக் பக்கத்து ஸ்ரீகாகுளத்துக்காரர் ஒருத்தர் இருந்தாரு. அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன். மிச்சம் பேப்பர்ல வரும்." பிறகு மெதுவாக, "கொச்சின் போட்டுரும்மா. அங்க நெசமாவே போயிருக்கோம்" என்றார்.

போயிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. மூன்று நாளும் மழை. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. லாட்ஜ் ஜன்னலிலிருந்து எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி பன் தின்றேன். அந்தப் பயணத்தில் எல்லாம் உண்மை. டிக்கெட்கூட இன்னும் பீரோவில் இருக்கிறது.

"கொளஞ்சி அங்கிளுக்காகவாப்பா?"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போகும்வரை அப்பா பேசவில்லை.

"மே மாசத்துக்கு அப்புறம் எனக்கு ஷிப்ட் கிடையாது. காலைல எந்திரிச்சுக் கதவத் தொறந்தா அவன் மூஞ்சிதான். அவன்கூட அந்த ஊருக்குப் போயி, எறங்கி, எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம நிக்கணுமா? வேற யாரு சிரிச்சாலும் பரவாயில்ல. அவன் சிரிக்க மாட்டான்மா. அதான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டாரா?"

"நீயும் மறைச்சுட்டியேம்மா."

"நான் எங்க மறைச்சேன்? என்னை யாரும் கேக்கலயே. அவர் அந்தக் கப்பலுக்குள்ள குனிஞ்சு போற கதைய ஆரம்பிச்சாலே எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வரும். குழாயத் தொறந்து விட்டுட்டுச் சிரிச்சுக்குவேன். இருபத்திரண்டு வருஷமா எவ்வளவு தண்ணிய வீணாக்கியிருக்கேன், தெரியுமா?"

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கொச்சி என்று போட்டால் அப்பா காப்பாற்றப்படுவார். எனக்கும் நட்டமில்லை, ஏனென்றால் விசாகப்பட்டினத்துக்கு என்னிடமிருந்த ஒரே காரணம் நேற்று பதினொரு மணிக்குக் கடலூரில் செத்துவிட்டது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் காரணம் செத்த பிறகும் அந்தக் கடல் சாகவில்லை. உண்மையில் போன ஊரிலிருந்து எனக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கிடைத்திருக்கிறது. போகாத ஊரிலிருந்து ஒரு கடலும், தோளும். இரண்டு வருடத்தை நம்பி எங்கே வைப்பது என்று கேட்டால், நான் என்ன சொல்ல? அப்பாவை அந்த ஊர் ரயில் நிலையத்தில் திருதிருவென்று விழிக்கவிட வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் நானும் அவரைப் போலவே ஆகிவிடுவேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டு முன்னறைக்கு வந்தேன். அப்பா செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார், தலைகீழாக இல்லை என்பது ஒன்றுதான் குறை.

"போட்டுட்டேன்ப்பா."

"எது?"

"உங்க ஊர்தான்."

செய்தித்தாள் அசையவில்லை. அம்மா அடுப்படியில் குழாய்மேல் கை வைத்தபடி நின்றாள். வழக்கமான அரை மணி நேரம். பிறகு அப்பா, "என்னிக்குச் சேரணும்?" என்றார்.

"ஒண்ணாந்தேதி."

"ஒரு வாரம் முன்னாடியே போவோம். நானும் வரேன். லீவு சொல்லிடுறேன். உனக்கு வீடு பாக்கணும்ல?" செய்தித்தாளை மடித்தார். "அந்த ஊரு மேப்பு ஒண்ணு பிரிண்ட் எடுத்துக் குடும்மா. பெருசா."

கிளம்பும் அன்று கொளஞ்சி அங்கிள் வந்து, "பயப்படாத பாப்பா, கண்ணக் கட்டி வுட்டாலும் உங்கப்பா கரெக்டா கூட்டிகினு போய் வுட்டுடுவாரு" என்று எனக்குத் தைரியம் சொன்னார். சென்னையில் ரயில் ஏறும்போது அப்பா வலது பக்கத்து ஜன்னலைக் கேட்டு உட்கார்ந்தார். வலது பக்கம்தான் மலை தெரியும் என்று இத்தனை வருடமாக எல்லோரையும் அங்கேதான் உட்காரச் சொல்லியிருக்கிறாராம். காலையில் கண் விழித்தபோது வலது பக்கம் தென்னந்தோப்பும் வயலுமாக வந்துகொண்டிருந்தன. மலை இடது பக்கத்தில் நீளமாக வந்தது. அப்பா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தன்கூட வந்து சொல்லலயே" என்றார். எத்தனையோ குடும்பங்கள் வலது பக்கம் உட்கார்ந்து, தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டே போய், திரும்பி வந்து, நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு சார் என்று முந்திரி கொடுத்திருக்கின்றன. அவர்களை நினைத்து அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "என்ன ஜனங்கம்மா" என்றார்.

மூன்று நாள் வீடு தேடினோம். வீட்டுக்காரர்கள் வாடகையைப் பற்றிப் பேசும்போது அப்பா வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். கடற்கரைக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை எனக்கு அமைந்தது. நான்காம் நாள் நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போனோம். வாசலிலேயே குனிந்தவர், முழுவதும் குனிந்தபடியே நடந்தார். எங்கே எவ்வளவு குனிய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு வாசலிலும் நின்று தலைக்கு மேல் கையை வைத்து அளந்தார். பின்னால் வந்தவர்கள் தெலுங்கில் ஏதோ திட்டினார்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தோம். பாறையும் கூட்டமும் விளக்குமாக இருந்தது அந்தக் கடல். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதைத் தெரியவில்லை, அதற்கும் என்னைத் தெரியவில்லை. அப்பாவின் போன் அடித்தது. காது சரியாகக் கேட்காதவர் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா வெள்ள, ஊரு எப்பிடி இருக்குது?"

அப்பா கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் மாறிப்போச்சு கொளஞ்சி. அன்னிக்கு நான் பாத்த ஊரே இல்ல இது. மணல காணோம், சவுக்கு காணோம். மலைகூட இப்ப இடது பக்கமா வருதுய்யா."

"மலையா?"

"லைன மாத்திட்டானுங்க போல."

"மாத்துவான், மாத்துவான்" என்றார் கொளஞ்சிநாதன் அங்கிள், ஒரு கணம்கூட யோசிக்காமல். "இங்க சொரங்கம் தோண்ட ரோட்டத் தூக்கி அந்தாண்ட வச்சானுங்களே. ஊரையே தூக்கி இந்தாண்ட வச்சானுங்களே. ரயிலு லைனு என்னா பெரிசு? நீ நல்லா பாத்து வச்சிகினு வா. ஜூன்ல நாம வர்றப்ப தடுமாறக் கூடாது. அந்த சிம்மாசலத்துல படி எத்தினி சொன்ன? எங்க வூட்ல முட்டி வலிங்குது."

"அதுவும் மாத்தியிருப்பானுங்க. பாத்துச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து முழங்காலில் விரித்தார்.

"காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி விடும்மா" என்றார். "படிய எண்ணணும்."